இரவில் அணையும் சுவிட்சுக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வாவிக்கரையில் உள்ள ஒரு கல்வி நிலையத்தின் கணினி ஆய்வுகூடத்தில் வலையமைப்பைப் பராமரித்துக் கொடுக்கிறார். அங்குள்ள பழைய 48 போர்ட் சுவிட்ச், அதாவது கணினிகளையும் கமராக்களையும் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புக் கருவி, இரவும் பகலும் 60 வாட் மின்சாரம் எடுக்கிறது. மாலை ஐந்தரைக்குப் பிறகு அதில் வேலை செய்பவை ஆறு கண்காணிப்புக் கமராக்களும் ஒரு பதிவுக் கருவியும் வெளி இணைப்பும்தான். தம்பி 8 வாட்டில் ஓடும் ஒரு சிறிய எட்டுப் போர்ட் சுவிட்சைப் பக்கத்தில் வைத்து, நடுவில் தானே செய்த ஒரு ரிலே பலகையை (மின்சைகையால் இணைப்பை மாற்றும் பாகங்கள் கொண்டது) பொருத்தியிருக்கிறார். இரவில் தரவுப் போக்குவரத்துக் குறைந்ததும் அந்தப் பலகை எட்டுக் கேபிள்களையும் சிறிய சுவிட்சுக்கு மாற்றிவிட்டுப் பெரியதை அணைக்கிறது. காலை ஏழரைக்கு எல்லாம் பழையபடி திரும்பிவிடுகிறது. அவருடைய கேள்விகள் மூன்று: இதற்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்கலாமா? கிட்டத்தட்ட இதையே சொல்லும் ஓர் அமெரிக்க விண்ணப்பத்தை நண்பர் ஒருவர் காட்டி, "இனி நீ இதைத் தொட முடியாது" என்று சொல்லிவிட்டார், அது உண்மையா? விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் எப்படிப் பார்த்து முடிவெடுப்பார்?

தம்பி, கணக்கை முதலில் பார்த்துவிடுகிறேன். 52 வாட் மிச்சம், ஓர் இரவுக்குப் பதினான்கு மணி நேரம் என்றால் 728 வாட் மணி. மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகு. 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின் கட்டணம் ஏறியதைப் பார்த்த எவரும் இந்த 22 அலகைச் சின்னது என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் நல்ல வேலை என்பதும் ஆக்கவுரிமை பெறத்தக்க வேலை என்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நண்பர் காட்டிய அமெரிக்க ஆவணத்தின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 'ஏ1' என்று இருந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. 'பி1' அல்லது 'பி2' என்று இருந்தால்தான் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை. அங்கே விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் வெளியாகிவிடும். பரிசோதனை முடிய அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஆகும். வெளியான விண்ணப்பத்தில் இருக்கும் உரிமைக் கோரல்கள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் வாக்கியங்கள், விண்ணப்பதாரரின் ஆசைதான். பரிசோதகர் அவற்றை வெட்டிச் சுருக்கலாம், முற்றாக மறுக்கவும் செய்யலாம். வழங்கப்பட்டே இருந்தாலும் ஆக்கவுரிமை அந்தந்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். இலங்கையில் விண்ணப்பித்துப் பெறாத ஓர் அமெரிக்க உரிமை, மட்டக்களப்பில் நீங்கள் ரிலே பலகை பொருத்துவதைத் தடுக்காது.

இதோடு நின்றுவிட்டால் நான் உங்களுக்கு அரைப் பதில் சொன்னவனாவேன். அந்த ஆவணம் உங்கள் கையைக் கட்டாது, ஆனால் உங்கள் விண்ணப்பத்தின் குறுக்கே வந்து நிற்கும். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒரு புத்தாக்கம் புதியதாகவும், புத்தாக்கப் படி உள்ளதாகவும், கைத்தொழிலில் பயன்படத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'புதியது' என்பதை அது உலகம் முழுவதையும் வைத்து அளக்கிறது. எந்த நாட்டிலும் எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ உங்கள் திகதிக்கு முன் வெளியானது எல்லாம் கணக்கில் வரும். கைவிடப்பட்ட விண்ணப்பமும் வரும். ஆகவே அந்த அமெரிக்க ஆவணத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். அச்சிட்டு, கோரல்கள் இருக்கும் கடைசிப் பக்கங்களைப் பேனாவோடு படியுங்கள்.

பரிசோதகரின் மேசையில் நடப்பது இதுதான். அவர் உங்கள் கோரலை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரிப்பார். உங்களுடையதைப் பிரித்தால் இப்படி வரும்: ஒரு பெரிய சுவிட்ச், குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு பதில் சுவிட்ச், போக்குவரத்தை அளக்கும் பகுதி, கேபிளை மாற்றும் ரிலே, பெரியதை அணைக்கும் கட்டளை. ஒரே ஆவணத்தில் இந்த ஐந்தும் இருந்தால் 'புதியதல்ல' என்று முடித்துவிடுவார். ஒரே ஆவணத்தில் இல்லாவிட்டால், மிக நெருங்கிய ஒன்றை எடுத்து, குறைகிற துண்டு வேறெங்காவது இருக்கிறதா, துறை தெரிந்த சாதாரண ஆள் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பாரா என்று கேட்பார். ஆம் என்றால் 'புத்தாக்கப் படி இல்லை' என்பார். உங்கள் கருவி எவ்வளவு பயன் தருகிறது, எத்தனை இரவு கண் விழித்துச் செய்தீர்கள் என்பது இந்தக் கேள்வியில் வராது. கோரலில் எழுதிய சொற்கள்தான் வரும்.

இனி அந்த ஐந்து துண்டுகளும் எங்கெங்கே கிடக்கின்றன என்று பாருங்கள்.

வலையமைப்புக் கருவிகள் சும்மா இருக்கும்போது உறங்க வேண்டும் என்ற எண்ணத்தை 2003இல் மாருதி குப்தாவும் சுரேஷ் சிங்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். 2010இல் ஐஇஇஇ 802.3ஏஇசட் என்ற தரம் வந்தது. தரவு இல்லாத நேரத்தில் ஈதர்நெட் இணைப்பு ஓய்வு நிலைக்குப் போய், இடையிடையே ஒரு சிறு சைகை மட்டும் கொடுத்து, தரவு வந்ததும் எழும்பும். ஜிகாபிட் கேபிளில் எழும்ப எடுக்கும் நேரம் 16.5 மைக்ரோ வினாடி. இன்று கடையில் வாங்கும் சுவிட்சுகள் பலவற்றில் இது உண்டு. ஆனால் அங்கே ஓய்வெடுப்பது போர்ட்டின் அனுப்பும் பெறும் பகுதி மட்டும். மின்விசிறியும் மின்வழங்கியும் நடுவில் உள்ள பெரிய சில்லும் ஓடிக்கொண்டேயிருக்கும். நீங்கள் முழுவதையும் அணைக்கிறீர்கள், அது ஒரு வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாட்டையும் 2010இல் 'எலாஸ்டிக்ட்ரீ' என்ற ஆய்வு தொட்டுவிட்டது. தரவு மையத்தில் போக்குவரத்தை அளந்து, தேவையில்லாத சுவிட்சுகளை முழுமையாக அணைத்து, மிச்சமுள்ளவற்றின் வழியாகப் போக்குவரத்தைத் திருப்புவது அது.

பதிலாள் என்ற எண்ணம்? அதுவும் 2010இல் எக்மா-393 என்ற தரமாக வந்திருக்கிறது. கணினி உறங்கும்போது குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு பகுதி அதற்குப் பதிலாக வலையமைப்புக்குப் பதில் சொல்லும். அங்கே உறங்குவது கணினி, உங்களிடம் உறங்குவது சுவிட்ச். ஆனாலும் 'குறைந்த மின்சாரப் பதிலாள்' என்ற கருத்து ஏற்கெனவே பொதுச்சொத்து.

பலரும் எதிர்பாராத இடம் இன்னொன்று. ஒரு கருவியின் இடத்தை இன்னொன்று எடுத்துக்கொள்வதைப் பரிசோதகர் மின்சேமிப்புத் துறையில் மட்டும் தேடமாட்டார். நம்பகத்தன்மைத் துறையில் அது மிகப் பழையது. ஒரு ரவுட்டர் செத்தால் இன்னொன்று அதே முகவரியோடு எழுந்து நிற்கும் விஆர்ஆர்பி நெறிமுறை 1998இலேயே வெளியாகிவிட்டது. "செத்தால் மாற்று" என்பதை "தேவையில்லாவிட்டால் மாற்று" என்று ஆக்கியதுதானே, அதில் என்ன புத்தாக்கம் என்று அவர் கேட்பார். ரிலேயால் கேபிளை மாற்றுவதும் அப்படித்தான். மின்சாரம் போனால் ரிலே விழுந்து இணைப்பை நேராகக் கடத்திவிடும் வலையமைப்பு அட்டைகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ளன.

ஆகவே, இன்று உங்கள் கேள்வியில் உள்ளபடியே விண்ணப்பம் எழுதினால் அது தேறாது என்பது என் மதிப்பீடு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு காலம் இருந்தது. ஆய்வுகூடக் கணினிகளை இரவில் தூரத்திலிருந்தே அணைத்து, காலையில் வலையமைப்பு வழியாகவே எழுப்பும் ஏற்பாடு ஒன்றை வடிவமைத்துவிட்டு, வரைபடமும் கையுமாக மூன்று மாதம் திரிந்தேன். பிறகு ஓர் இரவில் தேடியபோதுதான் உறங்கும் கணினியை எழுப்ப வலையமைப்பில் அனுப்பும் செய்தியைப் பற்றி 1995இல் வெளியான 'மேஜிக் பெக்கெட்' ஆவணம் கண்ணில் பட்டது. 255 என்ற எண் ஆறு தடவை, அதன்பின் கணினியின் வன்பொருள் முகவரி பதினாறு தடவை, மொத்தம் 102 பைட். நான் மூன்று மாதம் யோசித்ததை அந்த ஆவணத்தை எழுதியவர்கள் 102 பைட்டுக்குள் முடித்திருந்தார்கள். அன்று ஒன்றைப் புரிந்துகொண்டேன். உலகம் எங்கும் உள்ள பொதுவான பிரச்சினைக்கு நாம் கண்ட தீர்வை உலகத்தில் வேறு யாராவது கண்டிருப்பார்கள். நம் ஊருக்கே உரிய பிரச்சினைக்கு நாம் கண்ட தீர்வில்தான் புதுமை தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, கடைசிப் பந்தியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "மாரி காலத்தில் மட்டும் ஏசியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தே பெரிய சுவிட்சை அணைக்கிறேன், இல்லாவிட்டால் காலையில் போர்ட்டுக்குள் பச்சை பிடிக்கிறது."

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெறுமதியாகப் பட்டது இந்த வரிதான். அது ஏன் நடக்கிறது என்று பாருங்கள். பகல் முழுவதும் ஏசி ஓடி, சுவிட்ச் இருக்கும் இரும்புப் பெட்டி 22 பாகைக்குக் குளிர்ந்திருக்கிறது. மாலையில் ஏசியை நிறுத்திவிட்டுக் கூட்டிப் பெருக்க வருபவர் சன்னலைத் திறக்கிறார். வாவிக்காற்று உள்ளே வருகிறது. 27 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலை 24 பாகைக்குச் சற்று மேலே. பெட்டியோ 22இல் நிற்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பது போல இரும்பு வியர்க்கிறது. சுவிட்ச் ஓடிக்கொண்டிருந்தால் தன் சூட்டிலேயே அது காய்ந்திருக்கும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில் அதை அணைத்தால் அதன் உடலும் ஆறி, போர்ட்டுக்குள் ஈரம் இறங்கும். உப்புக் காற்றின் ஈரம். பொன்முலாம் மெல்லிதாகப் பூசிய மலிவான ஊசிகளில் முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே தெரிந்து களிம்பு பிடிக்கும். கல்லடிப் பக்கத்தில் நான் கழற்றிய சுவிட்ச் ஒன்றில், எட்டு ஊசிகளில் மூன்றின் நுனியில் அந்தப் பச்சையைத் தீக்குச்சி முனையால் சுரண்டி எடுத்திருக்கிறேன். மாவு போல உதிர்ந்தது.

மேலே சொன்ன ஆய்வுகளும் தரங்களும் போக்குவரத்தைப் பார்த்துத்தான் உறக்கத்தை முடிவு செய்கின்றன. காற்றின் ஈரத்தைப் பார்த்து அணைப்பைத் தள்ளிப்போடும் ஒன்றை நான் தேடிய வரையில் காணவில்லை. ஆகவே கோரலின் மையத்தை அங்கே நகர்த்துங்கள். நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

"ஒரு முதற் சுவிட்சும், அதைவிடக் குறைந்த மின்சாரம் எடுக்கும் பதில் சுவிட்சும், இணைப்புகளை இரண்டுக்குமிடையே மாற்றும் ரிலே தொகுதியும், காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரியும், முதற் சுவிட்ச் வைக்கப்பட்ட பெட்டியின் சூடேறாத பகுதியின் வெப்பநிலையை அளக்கும் உணரியும், ஒரு கட்டுப்படுத்தியும் கொண்ட அமைப்பு. போக்குவரத்து குறித்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் கட்டுப்படுத்தி இணைப்புகளைப் பதில் சுவிட்சுக்கு மாற்றும். எனினும் பெட்டியின் வெப்பநிலை, காற்றின் பனிபடுநிலையை விடக் குறித்த அளவு உயரும் வரை முதற் சுவிட்சுக்கான மின்சாரத்தைத் துண்டிக்காது."

'சூடேறாத பகுதி' என்று எழுதியதைக் கவனியுங்கள். உணரியைச் சுவிட்சின் முதுகில் ஒட்டினால் அது ஓடும் சூட்டைக் காட்டி ஏமாற்றும். அணைத்த பிறகு சுவிட்ச் எந்த வெப்பநிலைக்குப் போகும் என்பதைப் பெட்டியின் சுவர்தான் முன்கூட்டிச் சொல்லும். இத்தகைய ஒரு சொல்தான் சில வேளைகளில் முழு விண்ணப்பத்தையும் தூக்கி நிறுத்தும்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. மின்பெட்டிகளிலும் பெரிய மோட்டார்களிலும் ஈரம் படியாமல் சிறு சூடேற்றி வைப்பது பழைய வழக்கம். பரிசோதகர் அதை எடுத்து நீட்டுவார். உங்கள் பதில் தயாராக இருக்க வேண்டும்: சூடேற்றிக்குத் தனியாக மின்சாரம் செலவாகும், மின்சேமிப்பு நோக்கத்துக்கே அது எதிரானது. நீங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் சூட்டையே, தேவைப்படும் நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறீர்கள். ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஆகும் செலவு 60 வாட் மணி, அதாவது 0.06 அலகு. சூடேற்றி வைத்தால் எவ்வளவு ஆகும் என்று அளந்து பக்கத்தில் எழுதுங்கள். பரிசோதகரின் எதிர்வாதத்துக்கு முன்னால் எண்களைப் போல வேறெதுவும் நிற்காது.

கோரலைக் கருவியோடு கட்டியே எழுத வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. கணித முறைகளையும் வணிக முறைகளையும் நமது சட்டம் ஆக்கவுரிமைக்கு வெளியே வைக்கிறது. "மின் கட்டணத்தைக் குறைக்கும் முறை" என்று தொடங்கினால் நீங்களே அந்த வலைக்குள் நடந்து போவீர்கள். கட்டுப்படுத்தியில் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வேறாக உண்டு. இந்தியாவிலும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்குள்ள சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலையும் படிமுறையையும் வெளிப்படையாகவே விலக்குகிறது.

தேடலை நீங்களே செய்யலாம், செலவில்லை. எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய ஆக்கவுரிமைத் தேடல் தளங்கள் மூன்றும் இலவசம். சொற்களை மட்டும் வைத்துத் தேடினால் தவறவிடுவீர்கள், ஏனெனில் ஒருவர் 'சுவிட்ச்' என்பதை இன்னொருவர் 'வலையமைப்பு உறுப்பு' என்று எழுதியிருப்பார். ஆக்கவுரிமை அலுவலகங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் இடும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். கம்பி வலையமைப்பில் மின்சேமிப்புக்கு ஒய்02டி 30/50, கருவிகளைத் தூரத்திலிருந்து இணைத்துத் துண்டிப்பதற்கு எச்04எல் 12/12, கணினி மின்சேமிப்புக்கு ஜி06எஃப் 1/32. கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் அட்டவணை போட்டு, உங்கள் துண்டுகளில் எது அதில் இருக்கிறது, எது இல்லை என்று குறியுங்கள். இருபது ஆவணம் முடிந்ததும் பரிசோதகர் சொல்லப்போவதில் பெரும்பகுதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த அமெரிக்க விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்து, அதன் கோரல் அளவுக்கு மீறி அகலமாகப் பட்டால், மூன்றாம் ஆள் எவரும் பழைய ஆவணங்களை அங்குள்ள அலுவலகத்துக்கு அனுப்பலாம். 2012 செப்டெம்பரிலிருந்து இந்த வழி இருக்கிறது. முதல் தடவை அனுப்பும் மூன்று ஆவணங்கள் வரை கட்டணம் இல்லை. கால எல்லை உண்டு: உரிமை வழங்கச் சம்மதம் என்று அலுவலகம் அனுப்பும் அனுமதி அறிவித்தல் வந்துவிட்டால் முடிந்தது. அதற்கு முன்பும், வெளியாகி ஆறு மாதம் அல்லது முதல் மறுப்பு, இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

இனி அவசரமான விடயம். கடந்த மார்ச்சில் ஒரு கண்காட்சியில் கருவியை வைத்துக் காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பகிரங்கப்படுத்தல்தான். நமது சட்டம் விண்ணப்பதாரர் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் கொடுக்கிறது, அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் இப்படிப் பொதுவான அவகாசம் இல்லை, ஆகவே அங்கே நீங்கள் காட்டிய பகுதிக்குக் கதவு மூடிவிட்டது. ஆனால் கண்காட்சியில் காட்டியது ரிலே மாற்றத்தை மட்டும்தான் என்றால், ஈரப்பதப் பகுதி இன்னும் உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். முகநூலில் படம் போடாதீர்கள். எனக்கு எழுதியதைத் தனிக் கடிதமாக எழுதியது நல்லது. இந்தப் பதிலையும் முதலில் உங்களுக்குத் தனியாகத்தான் அனுப்பினேன். இங்கே அந்தப் பகுதியை வெளியிடலாம் என்று பிறகு நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்ததும், அதையும் கொழும்பில் விண்ணப்பத்தைப் பதிந்த பிறகே தந்ததும் எனக்குப் பெரிய ஆறுதல்.

பதிந்த திகதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வேறு நாடுகளில் விண்ணப்பித்தால் இதே திகதியை அங்கும் கோரலாம். பிசிடி என்ற சர்வதேச ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகப் போனால் நாடுகளைத் தெரிவு செய்ய முப்பது மாதம் வரை கிடைக்கும். இலங்கை 1982இலிருந்து அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. உரிமை வழங்கப்பட்டால் பதிந்த நாளிலிருந்து இருபது ஆண்டு. இடையில் புதுப்பித்தல் கட்டணம் கட்டத் தவறினால் அதற்கு முன்பே போய்விடும்.

ஒன்றை மட்டும் இன்னும் சரிபாருங்கள். அந்தக் கல்வி நிலையம் உங்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறதா, வேலைக்கு வேலை கூலி கொடுக்கிறதா? சம்பளத்துக்கு என்றால், வேலையின் பகுதியாகச் செய்த புத்தாக்கத்தின் உரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, வேலை கொடுத்தவருக்குப் போகும். உங்களை வேலைக்கு எடுத்த கடிதத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள்.

பிறகு அளவீடு. கார்த்திகை பிறந்து மாரி பிடிக்கும் முன் இரண்டு ஈரப்பத உணரிகள் வாங்கி, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றைச் சன்னலோரமும் வையுங்கள். பெட்டியின் உட்சுவரில், சுவிட்சைத் தொடாத மூலையில், ஒரு வெப்ப உணரி. ஒரு கிழமை தாமதத்தோடு அணையுங்கள், அடுத்த கிழமை தாமதம் இல்லாமல் ஒரு பழைய உதிரி சுவிட்சை அதே பெட்டியில் வைத்து அணையுங்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று எண்களையும் பக்க எண் இட்ட கொப்பியில் எழுதி, ஒவ்வொரு நாளும் திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள். போர்ட் ஊசிகளைத் தொடக்கத்திலும் தை மாத முடிவிலும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அந்தக் கொப்பியோடு வாருங்கள், பதிலை இருவரும் உட்கார்ந்து எழுதுவோம்.